வாசலில் ஒரு மூச்சு

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. அதை மறைத்து எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அட்டவணையின் முதல் பத்தியில் ஆல்கஹாலின் பெயர், அடுத்து தொழிலில் பயன், அடுத்து வீட்டில் பயன், கடைசியில் எச்சரிக்கை. ஒரு பதிப்பகத்துக்காக நான் எழுதிக்கொண்டிருந்த சிறு கையேட்டின் நடுப்பக்கம் அது. நான் கதை எழுதுகிறவள். கதை சோறு போடாது என்பதால் கையேடும் எழுதுகிறவள். இதற்கு முன் கொசு ஒழிப்பு, அதற்கும் முன் பிரஷர் குக்கர் பராமரிப்பு.

"குடிக்கிறதைப் பத்தி ஒரு வரி கூட வரக் கூடாது மேடம்," என்று பதிப்பாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஆல்கஹால்னு தலைப்பு வெச்சுட்டுக் குடியைப் பத்தி எழுதலைன்னா, மிச்சம் என்ன சார் இருக்கு?"

"மிச்சம்தான் மேடம் எல்லாமே. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் குடிக்கத் தகுந்தவன் ஒரே ஒருவன், எத்தனால். அவனும்கூடப் பகலில் சென்ட்டு, மருந்து என்று ஒழுங்காக வேலை பார்க்கிறவன்தான். மற்றவர்களில் ஒருவர் வார்னிஷைக் கரைக்கிறார். ஒருவர் கார் என்ஜின் கொதித்துப்போகாமல் பார்த்துக்கொள்கிறார். ஒருவர் முகத்துக்குப் பூசும் கிரீமில் மெழுகாக உட்கார்ந்திருக்கிறார். ஊசி போடும் முன் பஞ்சால் துடைக்கிறார்களே, அந்தச் சில்லிப்பும் இந்தக் குடும்பம்தான். ஒரு பிள்ளையின் ராத்திரி நடமாட்டத்தால் குடும்பத்துக்கே பெயர் கெட்டது.

(மேலே உள்ள பத்தியைப் பதிப்பாசிரியர் கையேட்டிலிருந்து அடித்துவிட்டார். "பொருளுக்கு எதுக்கு மேடம் குடும்பம்?" என்றார். தூக்கிப் போட மனமில்லாமல் இங்கே வைத்திருக்கிறேன்.)

'தொழிலில் பயன்' என்ற பத்தியை நிரப்ப, கையேடு அச்சாகப்போகும் அச்சகத்துக்கே போனேன். ஆப்செட் மெஷின் ஓட்டுகிற மெஷின்மேன் ஒருவர் எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். நல்ல மனிதர். பேச்சோடு பேச்சாகத் தன் வீட்டைப் பற்றியும் ஒன்று சொன்னார். அதைக் கையேட்டில் எழுத இடமில்லை. மனதில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து, எச்சரிக்கைப் பத்தி மட்டும் பாக்கியிருந்த அச்சுப்படியைத் திருத்தப் போனபோது மெஷினில் வேறு ஆள் நின்றார்.

"அவர் வர்றதில்லை மேடம்," என்றார் முதலாளி. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். "கழுதை கெட்டா குட்டிச்சுவரு. பழைய இடத்துக்கே போயாச்சு போல."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்குறது? வாசனை வந்துச்சுன்னு கூட வேலை செய்யுறவங்க சொன்னாங்க. கேட்டேன். மறுநாள்லருந்து வரலை."

அந்த அச்சகத்தில் சுவரே ஸ்பிரிட் வாசனை அடிக்கும். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள். இவர் நின்றதோ பனங்காட்டின் நடுவில். அதை முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அச்சுப்படியை என் முன் தள்ளினார்.

மெஷின்மேனின் போன் அடித்து அடித்து ஓய்கிறது. வீடு எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்த மனிதர் குடிக்கவில்லை என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாததால் நானே எழுதிப் பார்க்கிறேன். இந்தக் கதைக்கு வேறு காரணம் கிடையாது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

*அச்சகத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது அந்த* (எந்த? இந்த 'அந்த'வை வைத்துக்கொண்டு எத்தனை பேர் பிழைத்துவிட்டார்கள். வேண்டாம்.)

*குடியை விட்ட மனிதர் ஒருவர் நாள் முழுவதும் ஆல்கஹாலில் கையை நனைத்துக்கொண்டிருந்தார்.* (வாசகரைப் பார்த்துக் கண்ணடிக்கும் வாக்கியம். ஒரு மனிதரின் பிழைப்பை வைத்துச் சாமர்த்தியம் காட்டுவது அசிங்கமாக இருக்கிறது.)

*அவள் தன் கணவரின் மூச்சை* (இது நிற்கும். ஆனால் அவளுக்கு முன் அவர் வேலையைச் சொல்லியாக வேண்டும்.)

ஆப்செட் அச்சில் மையும் தண்ணீரும் ஒரே தகட்டின் மேல் ஓடுகின்றன. எழுத்து இருக்கும் இடத்தில் மை ஒட்டும், வெற்றிடத்தில் தண்ணீர் நின்று மையை விரட்டும். வெறும் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டுவிடும் என்பதால் அதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கலக்கிறார்கள். அச்சகத்தில் அதற்கு ஐபிஏ என்று பெயர். ஐபிஏ சேர்ந்த தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவும். வேலை முடிந்து உருளைகளைத் துடைக்கும்போதும் துணியில் அதைத்தான் நனைத்துக்கொள்கிறார்கள். மையை எடுத்துக்கொண்டு, தானும் காற்றில் போய்விடும்.

"இதுல ஒரு நல்ல குணம் மேடம்," என்றார் மெஷின்மேன், துடைத்த உருளையை எனக்குத் தடவிக் காட்டி. "வேலை செஞ்ச அடையாளமே இருக்காது. பாருங்க, ஈரம் கூட இல்லை."

"நாள் முழுக்க இதுக்கு நடுவுலயே நிக்கிறீங்களே, வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. மோந்து பாப்பாங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, ஒரு காலத்தில் தான் மோசமாகக் குடித்தவர் என்பதைச் சாதாரணமாகச் சொன்னார். விட்டபோது மனைவி சத்தியம் எதுவும் கேட்கவில்லையாம். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பது அவளுக்கு ஏட்டுப் படிப்பில்லை, ஏகப்பட்ட விடியல்களில் பார்த்தது. அவள் கேட்டது ஒன்றுதான்: தினமும் வேலை முடிந்து வந்ததும், வாசற்படியில் நின்று, அவள் முகத்துக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் உள்ளே.

"இன்னமுமா?"

"இன்னமும்தான். நேத்தும் ஊதினேன். இன்னிக்கும் ஊதுவேன்."

அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். இனி வருவதில் பெரும்பகுதி நான் கட்டியது.

3

மனைவிக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். சலவைக்கடையில் கறை எடுக்கிறவள் என்று வைத்தேன். துணியை மேசையில் விரித்து, கறை எண்ணெயா, மையா, மருந்தா என்று முதலில் மோந்து பார்க்கிறவள். பேனா மை என்றால் ஐபிஏ, பிசின் என்றால் எத்தில் ஸ்பிரிட், குழந்தை கக்கியது என்றால் வெறும் சோப்பு. ஆக வீட்டில் அவர் ஊதும்போது அவளுக்குக் குழப்பமே வராது. ஐபிஏ மருந்துக்கடை மாதிரி மூக்கின் மேல்பக்கம் குத்தும், அது அவருடைய வேலை. குடிக்கிற சரக்கு அடித்தொண்டையிலிருந்து புளித்து வரும், அது அவருடைய பழைய வாழ்க்கை. இரண்டுக்கும் நடுவில் அவள் மூக்கு நின்றது.*

அவருக்கு 'அவர்', அவளுக்கு 'அவள்' என்று எழுதிக்கொண்டு போகிறேனே என்று நடுவில் உறைத்தது. இரண்டு பேரையும் 'அவர்' ஆக்கிப் பார்த்தேன். யார் ஊதுகிறார், யார் முகர்கிறார் என்று எனக்கே தெரியவில்லை. மன்னிக்கவும், பழைய அநியாயமே தொடர்கிறது.

முதல் வருடம் அது போலீஸ் சோதனைதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஊதுவார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகர்வாள். பக்கத்து வீட்டுக் கதவு இடுக்கில் கண்கள் தெரியும். எப்போது அது வேறு ஒன்றாக மாறியது என்று இருவருக்கும் தெரியாது. ஒரு நாள் அவள், "இஞ்சி டீ குடிச்சிருக்கீங்க," என்றாள்.

"ஆமா."

"ரெண்டு டீ. ஒண்ணுல இஞ்சி, ஒண்ணு வெறும் டீ. வெறும் டீக்கு பிஸ்கட்டு."

"அடி ஆத்தி! பின்னாலயே வந்தியா?"

"மத்தியானம் வேற யாரோ குடுத்த பச்சை வெங்காயம். நான் கட்டிக் குடுத்ததுல வெங்காயமே இல்லை."

அதிலிருந்து அது தினசரி ஆனது. வாசலில் நின்றபடி அவள் அவருடைய பகலை அவருக்கே வாசித்துக் காட்டுவாள். அவர் சரி, தப்பு என்று சொல்வார். தப்பு அநேகமாக இருக்காது. ஊதும் அவர் முகத்தில் முன்பிருந்த வெட்கம் போய், பரிசு கொண்டுவந்தவரின் முகம் வந்தது. இந்த இடத்தை எழுதும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் பகலை யாரும் அப்படி வாசித்ததில்லை.

வீட்டில் இருமல் மருந்து கிடையாது, வாய் கொப்பளிக்கும் திரவம் கிடையாது, கை துடைக்கும் ஜெல் கிடையாது. எல்லாவற்றிலும் அந்த ஒருவன் கொஞ்சம் ஒளிந்திருக்கிறான் என்று அவள் தூக்கி எறிந்திருந்தாள். ஐபிஏ பாட்டில் மட்டும் சமையலறை அலமாரியில் இருந்தது. மை பட்ட சட்டைக்கு வேண்டும், கண்ணாடி துடைக்க வேண்டும். பழைய நாட்களில் அவர் அதையும் விட்டுவைத்ததில்லை. குடித்துவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார். அதனாலேயே அது அங்கே இருக்கட்டும் என்றார் அவர்.

"இருந்தும் தொடலைன்னு எனக்குத் தெரியணும்," என்றார்.

*அடிக்குறிப்பு: மெத்தனாலை அட்டவணையில் தனிக் கட்டத்தில் போட்டிருக்கிறேன். பெயிண்ட், பசை, எரிபொருள் என்று அதற்கு ஆயிரம் வேலை. குடித்தால் கண்ணையும் உயிரையும் எடுக்கும். எத்தனாலோடு கலந்துவிட்டால் மூக்கால் பிரித்தறிய முடியாது. தொழிற்சாலைக்குப் போகும் எத்தனாலில் யாரும் குடிக்காமலிருக்க வேண்டுமென்றே கசப்பையும் விஷத்தையும் சேர்ப்பார்கள். கசப்பு யாரைத் தடுக்கும் என்று அதைக் கண்டுபிடித்தவரிடம் கேட்க ஆசை.

4

இப்போது செய்யக் கூடாததைச் செய்தேன். அவளுடைய மூக்கை எடுத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கதை முதலாளியின் கட்டைவிரலில் போய் முடிய வேண்டும் அல்லது அதைப் பொய்யாக்க வேண்டும். எப்படியானாலும் அவருக்கு ஒரு சோதனை வர வேண்டும். கெட்ட நண்பனை வைத்தால் பழி நண்பன் மேல். கடனை வைத்தால் பழி கடன்காரன் மேல். அவரையே பலவீனமானவராக வைத்தால், அந்த நல்ல மனிதருக்கு நானும் கட்டைவிரலைக் காட்டியவளாவேன். யார் மேலும் பழி விழாத காரணம் வேண்டியிருந்தது. ஒரு சாதாரணச் சளி போதும் என்று தோன்றியது. காய்ச்சல் வந்து போயிற்று, சளி வந்து போயிற்று, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போயிற்று. இப்படி நடப்பதுண்டு. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது.

அவளுக்கு அது உடனே தெரியவில்லை. சளியில் மூக்கு அடைத்திருக்கிறது என்றே நினைத்தாள். அவர் ஊதினால், "மூக்கு அடைப்பு, போங்க உள்ள," என்று சில நாள் விட்டாள். கடைக்கும் போகவில்லை. சளி போயிற்று. மூச்சு தாராளமாக ஓடியது. வாசனை இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இல்லாத வாசனையை யாரும் கவனிப்பதில்லை.

சளி போன மறுநாளே அந்தக் காலை வந்தது.

5

*அன்று காலை வெயில் சமையலறை ஜன்னல் வழியே* (வெயில் வரட்டும், அது பின்னால் தேவை. வர்ணனை வேண்டாம்.)

அவருடைய சட்டைப் பையில் நீல மை. வேலைக்குப் போட்டுப்போகத் துவைத்த சட்டை ஈரமாகக் கொடியில் தொங்கியது. அவள் அலமாரியிலிருந்து ஐபிஏ பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். பழக்கத்தில் முகர்ந்தாள். ஒன்றுமில்லை. மூக்கைப் பாட்டிலின் வாயிலேயே வைத்து இழுத்தாள். ஒன்றுமில்லை.

வேறொரு பெண்ணாக இருந்தால், நமக்கு மூக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பாள். இவள் அப்படி நினைக்கவில்லை. சூடு கண்டவள். ஸ்பிரிட் பாட்டிலில் வாசனை இல்லையென்றால் அவள் வாழ்க்கையில் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

"இதுல தண்ணி யார் ஊத்தினது?"

அவர் பனியனோடு நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். "எதுல?"

"நடிக்காத."

'நீங்க' போய்விட்டது. அவர் சீப்பைக் கீழே வைத்தார்.

"என்னம்மா சொல்ற?"

"எத்தனை நாளா நடக்குது? நான் சளியில கிடந்தேனே, அப்போவா? மூக்கு அடைச்சிருக்குன்னு சொன்னவுடனே வசதியாப் போச்சா?"

"நான் அதைத் தொடலை."

"தொடாமத்தான் தண்ணியா ஆயிடுச்சா? இத்தனை வருஷம் வாசல்ல நிக்க வெச்சு மோந்து பாத்தேனே, கடைசில என் அடுப்படியிலயே…"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் கிட்டே வந்திருப்பார். பாட்டிலை மேடையில் தட்டென்று வைத்துவிட்டு, தான் முன்பு எந்த மூலையில் உட்கார்ந்து விடியும்வரை காத்திருப்பாளோ அந்த மூலைக்குப் போய் நின்றாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"சத்தியம் பண்ணட்டுமா?"

"உன் சத்தியத்துக்கு என்ன பஞ்சம்."

அவர் மை பட்ட சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"ஒரு தட்டுல ஊத்திக் கொளுத்திப் பாரு. தண்ணின்னா எரியாது."

போய்விட்டார். வாசலில் அவர் நின்ற இடத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

அவள் கொளுத்திப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். இங்கேயே நிறுத்தினால் கோபம் மட்டும்தான் மிஞ்சும், கோபம் ஆறும். ஆனால் அவள் என் பேச்சைக் கேட்கும் ரகமில்லை. அவர் மாலையில் வரும்போது முகத்தில் எறிய ஆதாரம் வேண்டும் என்று எவர்சில்வர் தட்டை எடுத்தாள்.

கொஞ்சம் ஊற்றினாள். மேல் ஜன்னலிலிருந்து வெயில் நேராகத் தட்டில் விழுந்தது. தீக்குச்சியை உரசி ஓரத்தில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. தட்டில் வெயில் மட்டும் பளபளத்தது.

"தண்ணிதான்," என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தக் கணத்தில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அவளுக்குத் தெரிந்த துக்கம் அது. அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவளுக்குத் தெரியும்.

தட்டை எடுக்கக் கை நீட்டினாள். விரலில் சுரீரென்றது. கையை உதறிவிட்டு, பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து நுனியைத் தட்டின் மேல் நீட்டினாள். நுனி கறுத்துச் சுருண்டு பற்றிக்கொண்டது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல், ஓரத்தில் மட்டும் லேசான மஞ்சளோடு, தட்டு முழுவதும் எரிந்துகொண்டிருந்தது.

அது அணையும்வரை நின்றாள். பிறகு தட்டைப் பார்த்தாள். கரி இல்லை, ஈரம் இல்லை.

வரிசையாக ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். காப்பிப் பொடி. வினிகர். சோப்பு. பூண்டை நசுக்கி மூக்கில் தேய்த்துக்கொண்டாள். துவைக்கப் போட்டிருந்த அவருடைய சட்டையை எடுத்துக் கழுத்துப்பட்டையில் முகத்தைப் புதைத்தாள். வாசனை போனது என்று அவளுக்குப் புரிந்தது பூண்டில் இல்லை, அந்தக் கழுத்துப்பட்டையில்.

அந்த மனிதரை நியாயமே இல்லாமல் பழித்து அனுப்பியிருக்கிறாள். இனி அவர் ஊதினால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. சளி வந்த நாளிலிருந்தே தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

7

இப்போது அவர் மனதுக்குள் போக வேண்டும். இங்கேதான் பல நாள் நின்றுவிட்டேன்.

அவர் பஸ்ஸில் இருக்கிறார். முதலில் கோபம். குடிக்காமலே பேர் வாங்கியாச்சு, இனி குடித்தால் என்ன என்று எந்த மனிதருக்கும் தோன்றும், அவருக்கும் தோன்றட்டும். ஆனால் அவர் யோசிக்கிறவர். பாட்டிலில் இருப்பது ஸ்பிரிட் என்று அவருக்குத் தெரியும். அவள் மூக்கு பொய் சொல்லாது என்றும் தெரியும். அச்சகம் வந்து, மெஷினைத் துடைக்கத் துணியில் ஐபிஏவை ஊற்றும்போது இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. துணியை முகத்தருகே கொண்டுபோகிறார். சுள்ளென்று ஏறுகிறது. இது அவளுக்கு வரவில்லையா?

அப்படியென்றால்

(இந்த 'அப்படியென்றால்' மூன்று வாரம் தனியாகக் கிடந்தது. அடுத்த சொல் வரவில்லை.)

அவர் முதலில் அவளுக்காக வருந்துவார் என்று எழுதினேன். அது நல்லவர்களுக்கான கதை. பொய் என்று அடித்தேன். 'இனி யாருக்கும் தெரியாது' என்று அவர் மனம் ஒரு நொடி துள்ளியதாக எழுதினேன். அது முதலாளியின் கதை, அதையும் அடித்தேன். கடைசியில் நின்றது பயம். இத்தனை வருடம் குடிக்காமல் இருந்தது நானா, அவள் மூக்கா? இதுவரை அந்தக் கேள்வி வர அவசியம் இருக்கவில்லை. இன்று சாயங்காலம் பதில் தெரிந்துவிடும். கையில் துணியோடு அவர் நிற்கிறார், மெஷின் சும்மா ஓடுகிறது, வெள்ளைத் தாள்கள் வந்து விழுகின்றன.

அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் அவர் முன்பு குடித்துவந்த கடை இருக்கிறது. பஸ் அங்கே நிற்கும். நான் வைக்கவில்லை, எல்லாப் பாதையிலும் அப்படி ஒரு கடை இருக்கத்தான் செய்கிறது.

8

முடிவுகள். உங்களுக்கு மனமிருந்தால் பாருங்கள்.

முதல் முடிவு. அவர் குடித்துவிட்டு வருகிறார், ஊதுகிறார். அவள் தன் குறையை மறைத்து, "சரி, வாங்க," என்கிறாள். மறுநாளும் அப்படியே. தினமும் ஊதுகிறார், தினமும் முகர்கிறாள், அச்சகத்தில் யாரோ மோப்பம் பிடித்து முதலாளியிடம் சொல்லும்வரை. கட்டைவிரல்.

இரண்டாவது. அவர் குடிக்கவில்லை. அவளோ பயந்துபோய், தெரியாமல் விடுவதைவிடத் தப்பாகப் பிடிப்பது மேல் என்று, "குடிச்சிருக்கீங்க," என்கிறாள். அவர் வாசலிலேயே திரும்பி நடக்கிறார், பஸ் நிறுத்தத்தை நோக்கி. கட்டைவிரல்.

மூன்றாவது. அவள் சொல்லிவிடுகிறாள். "எனக்கு மூக்கு போச்சுங்க. காலைல சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க." இதை எழுதும்போது அழுதேன், இதுதான் சரி என்று படுத்துத் தூங்கினேன். காலையில் தொடர்ந்து எழுதிப் பார்த்தேன். அவர் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார், இருவரும் அழுகிறார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது. அடுத்த வாரம் அவர் கொஞ்சம் தாமதமாக வருகிறார். அவளுக்கு மூக்கு இல்லையே. நடையைப் பார்க்கிறாள், கண்ணைப் பார்க்கிறாள், தூங்கும்போது சட்டைப் பையைத் துழாவுகிறாள். ஊதுவது நின்றுவிட்டது. வெங்காயமும் இஞ்சி டீயும் நின்றுவிட்டன. வீட்டில் ஒரு போலீஸும் ஒரு கைதியும் மட்டும் மிச்சம். அவர் கட்டைவிரலுக்கு வந்துசேர இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

நாலாவதாக, அவள் மூக்கைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன். எடுத்தவள் நான்தானே. மாலையில் அவர் ஊதும் நேரத்தில் வாசனை திரும்பி வருகிறது, இஞ்சி டீ மணக்கிறது. நாலு வரிக்கு மேல் போகவில்லை. அவளே அதை நம்பவில்லை.

எல்லா வழியும் அந்தக் கட்டைவிரலில் போய் முட்டுகிறது. ஏனென்றால் இந்தக் கதையின் முடிவென்று நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றைத்தான். பதிப்பாசிரியரிடம் ஒரு நாள் புலம்பினேன். "மேடம், கையேட்டுக்கு எச்சரிக்கைப் பத்தி இன்னும் வரலை," என்றார்.

9

ஆகவே முடிவில்லாமல், அந்த மாலையை மட்டும் எழுதுகிறேன்.

அவர் வழக்கமான நேரத்தில் வந்தார். அவள் வழக்கமான இடத்தில் நின்றாள். மை பட்ட சட்டைப் பை காய்ந்து கறுத்திருந்தது. காலையில் நடந்ததைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். படிக்குக் கீழே நின்று, முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, ஊதினார்.

அவள் மூச்சை இழுத்தாள். சூடு தெரிந்தது. ஈரம் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

"என்ன?" என்றார். வழக்கமாக அவர் கேட்பதில்லை, அவளாகவே சொல்வாள்.

"ஐபிஏ," என்றாள். அது எப்போதும் இருக்கும். அதில் ஆபத்தில்லை.

"அப்புறம்?"

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. அழுதாலும் சிவக்கும், ஸ்பிரிட் ஆவி பட்டாலும் சிவக்கும், எதனாலும் சிவக்கும்.

"டீ. ரெண்டு."

"அப்புறம்?"

இந்த இடத்தில் அவள் என்ன செய்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது என் தொழில். தெரியாததைத் தெரிந்ததுபோல, முகம் மாறாமல், நடந்திருக்கக்கூடியதாகப் பார்த்து ஒன்றைச் சொன்னாள்.

"இஞ்சி… ஒண்ணுல இஞ்சி. பிஸ்கட்டு. பிஸ்கட்டு ரெண்டாவது டீக்கு."

தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் கை கதவுநிலையைப் பிடித்திருந்தது.

"ஆமா," என்றார் அவர். "பிஸ்கட்டுதான்."

10

அவர் அன்று பிஸ்கட் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

சாப்பிட்டிருந்தால், அவள் குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது; அவளுக்கு மூக்கு இருக்கிறது என்று நம்பி அவர் இன்னும் பல வருடம் ஊதிக்கொண்டிருப்பார். சாப்பிடவில்லையென்றால், அவளுக்கு வாசனை இல்லை என்பது அந்தச் சொல்லில் அவருக்கு உறுதியாகிவிட்டது. அப்போது அந்த 'ஆமா' அவளைக் காப்பாற்றச் சொன்னதாக இருக்கலாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். எழுத்தில் வாசனை வருவதில்லை.

இதை நீங்கள் அச்சான தாளில் படிக்கிறீர்கள் என்றால், ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். காகிதம் வரும், மை வரும். ஐபிஏ வராது. ஒவ்வொரு எழுத்தும் அதன் மேல் ஏறித்தான் வந்திருக்கிறது, ஆனாலும் வராது. தடம் விடாமல் போவதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். அட்டவணையில் 'தொழிலில் பயன்' என்ற பத்தியில் நானே அப்படி எழுதியிருக்கிறேன். எச்சரிக்கைப் பத்திதான் இன்னும் காலியாகக் கிடக்கிறது.

நான் முதலாளியின் கையைப் பார்த்துவிட்டவள். அவர் குடிக்கவில்லை என்று நான் எழுதினால் அது ஆசை, குடித்தார் என்று எழுதினால் அது வதந்தி. என் சொல் இங்கே செல்லாது. அவளாலும் முடியாது, அவள் மூக்கை நான் எடுத்துவிட்டேன்.

அவள் நகர்ந்து வழிவிட்டிருக்கிறாள். அவர் இன்னும் படியேறவில்லை. 'ஆமா' சொன்ன வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மூச்சு வந்துகொண்டிருக்கிறது. கிட்டே வாருங்கள். உங்களுக்கு மூக்கு இருக்கிறதுதானே, நீங்கள் சொல்லுங்கள்.